எண்ணெய் வடியும் முகம்

"உனக்கு எண்ணெய்ச் சருமமா, வறண்ட சருமமாம்மா?" என்று கேட்டபடி மகள் கிரீம் டப்பாவைத் திறந்தாள். அந்த வாசனை என்னை அருமனை ஊரில் நான் வளர்ந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது.

மாமா குவைத்திலிருந்து கொண்டுவரும் கிரீமை அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருப்பாள். முந்திரி உடைக்க அண்டியாபீசுக்குக் கிளம்பும் அவசரத்திலும் எனக்கும் தங்கைக்கும் முகத்தில் தேய்த்துவிடுவாள்.

"ஒனக்கு வேண்டாமாம்மா?"

"எனக்கு எண்ணெ வடியுத மூஞ்சியாக்கும் மக்கா. கிரீமெல்லாம் ஒத்துக்கிடாது."

விரலில் ஒட்டியதைக்கூடத் தங்கையின் கன்னத்தில்தான் துடைப்பாள்.

அம்மா இறந்த அன்று, குளிப்பாட்டும்போதுதான் அவள் முகத்தை முதன்முதலாகத் தடவிப் பார்த்தேன். கன்னமெல்லாம் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

"சொல்லும்மா" என்றாள் மகள்.

"எனக்கும் வறட்சிதான் மக்கா" என்று கன்னத்தைக் காட்டினேன்.