நீஸ் நகரில் ஒரு தந்திக்காக

1961 ஆகஸ்டில் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் நான்கு நாள் தங்கினேன். உல்லாசப் பயணிகளுக்கென்றே உண்டான கடற்கரை ஊர். நான் உல்லாசத்துக்குப் போகவில்லை. பேகம்பூர்த் தோல் வியாபாரி ஒருவரிடம் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். அவர் ஆட்டுத்தோல் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அந்த நாட்டுக் கையுறைத் தொழிற்சாலைக்குக் கிளம்பியபோது பேச்சுத்துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்.

போனால் தொழிற்சாலை பூட்டியிருந்தது. ஆகஸ்டில் அங்கே எல்லோரும் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்விடுவார்களாம். ஒன்பது வருடக் கடிதங்களைத் தேதிவாரியாகக் கோத்து வைத்தவன் நான். ஒரு ஆகஸ்டில்கூட அங்கிருந்து கடிதம் வந்ததில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை. தொழிற்சாலைக்காரர் நீஸில் இருப்பதாகவும், வருகிற தபாலை எல்லாம் அங்கேயே அனுப்பிவிடுவதாகவும் காவலாளி சொன்னார். இரவு ரயிலேறி, 14ஆம் தேதி திங்கள் காலை நீஸில் இறங்கினோம். அவரோ படகில் எங்கோ போயிருந்தார். வியாழக்கிழமைதான் வருவாராம்.

எனக்கு வியாபாரத்தில் மனம் ஒட்டவில்லை. என் மனைவிக்கு அது தலைப்பிரசவம். குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமத்தில் தாய்வீட்டில் இருந்தாள். ஜூலைக் கடைசியில் பிறந்துவிடும் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லியிருந்தார். பிறந்த அன்றே தந்தி கொடுங்கள் என்று மாமனாரிடம் தொழிற்சாலை முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினேன். இரண்டு வாரம் தாண்டிவிட்டது. தந்தி இல்லை.

நீஸ் கடற்கரையில் மணல் கிடையாது, கூழாங்கல்தான். வெறுங்காலில் நடக்க முடியாமல் வெள்ளைக்காரர்கள் தவளைபோலத் தத்தித் தத்தித் தண்ணீருக்குப் போவார்கள். கரையோரச் சாலையில் வரிசையாக நாற்காலிகள். என் முதலாளி ஒன்றில் தொப்பியும் நீளக் கோட்டுமாக அமர்ந்துவிட்டார். போவோர் வருவோர் அவரைப் புகைப்படம் எடுத்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. அந்தச் சாலையின் முனையிலிருந்து முனைக்கு ஒரே நாளில் ஏழு தடவை நடந்தேன். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தொழிற்சாலைக்காரர் வீட்டு மணியை அழுத்துவேன். வேலைக்கார அம்மாள் என்னைக் கண்டதுமே தலையை ஆட்டிவிடுவாள்.

செவ்வாய் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். தபால் இல்லை. கோவில் மணிகள் ஓயாமல் அடித்தன. நான் பூசையில் முழங்காலிட்டிருந்தேன், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

அன்று மத்தியானம் ரொட்டிக்கு வெஞ்சனமாக ஊரிலிருந்து கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே முதலாளி கேட்டார்: "ஏம்ப்பா, தந்தி வந்தாத்தானே பயப்படணும்? வரலைன்னா எதுக்குப் பேயறைஞ்ச மாதிரி திரியுற?"

"நான் கொடுக்கச் சொல்லிட்டு வந்தேன் முதலாளி."

"நீ சொல்லுவ. உன் மாமனார் கொடுக்கணும்ல? எங்க தெருவுல தந்திக்காரன் சைக்கிள் மணி கேட்டாலே உலையை இறக்கி வச்சுருவாக. நல்ல சேதிக்கு எவன் தந்தி கொடுத்தான்?"

"அதெல்லாம் அந்தக் காலம் முதலாளி."

"ஆமா, நீ ரொம்பப் படிச்சவன். தின்னு."

புதன் காலை பொறுக்க முடியாமல் தபால் நிலையத்துக்குப் போய், மாமனார் பேருக்கு நானே ஒரு தந்தி அடித்தேன். தாயும் சேயும் எப்படி, உடன் பதில் என்று ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள். வெளியே வந்தபோது முதல் முறையாகக் கடலின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது.

வியாழன் காலை பத்துமணிக்கு வேலைக்கார அம்மாள் சிரித்தபடி நீல நிறத்து விமானத் தபாலை நீட்டினாள். மாமனார் கையெழுத்து. பெண் குழந்தை, சனிக்கிழமை விடியற்காலை, ஆகஸ்ட் ஐந்து. இருவரும் சுகம். கீழே இப்படி எழுதியிருந்தார்: "மாப்பிள்ளை தந்தி கொடுக்கச் சொன்னீர்கள். கடல் தாண்டித் தனியே இருக்கிற இடத்தில் தந்தியைக் கண்டால் பதறிப்போவீர்கள் என்று கொடுக்கவில்லை."

ஓடிவந்து முதலாளியிடம் காட்டினேன். அல்லாவுக்கு நன்றி சொல்லிக் கட்டிப்பிடித்தார். பிறகு கையை எடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நேத்து நீ என்னமோ அனுப்புனியே, எந்த வீட்டுக்குப்பா?"

தபால் நிலையத்துக்கு ஓடினேன். தந்தி நேற்றே போய்விட்டது. நான் நலம் என்று இன்னொன்று அடிக்கப் படிவத்தை வாங்கினேன். பின்னாலேயே வந்த முதலாளி அதைப் பிடுங்கிக்கொண்டார். "ஒண்ணுக்கே அங்க என்னாச்சோ. ரெண்டாவதும் போச்சுன்னா உனக்கு எட்டாம் நாள் துக்கப் பூசையே வச்சுருவாக."

அன்று மாலை தொழிற்சாலைக்காரர் தோல்களைத் தடவிப் பார்த்து என்னென்னவோ கேட்டார். நான் மொழிபெயர்த்த எதுவும் நினைவில் இல்லை. ஆர்டர் கிடைத்தது.

செப்டம்பர் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. தந்தி வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொண்டுவந்தவருக்கும் ஆங்கிலம் தெரியாது. படிக்கத் தெரிந்த ஒரே ஆளான பள்ளிக்கூட வாத்தியார் ஒட்டன்சத்திரம் போயிருந்தார். பிரிக்காத தந்தியை நடுவில் வைத்து ஊரே அழுதிருக்கிறது. நாலு மணிக்குக் கோவிலில் எனக்காகச் சாவு மணி அடித்திருக்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்த வாத்தியார் அதை வாசித்துவிட்டு மாமனாரைத் திட்டிய திட்டை ஊரில் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒரு தந்தியை மறிச்சேன். மாப்பிள்ளை ஒண்ணை அனுப்பிட்டாக. கணக்கு நேராச்சு" என்றார் மாமனார்.

மனைவி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். "வாங்க. மணி அடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் வாரீகளா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குழந்தையை என் கையில் கொடுக்கும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "அன்னைக்குப் பொழுது அடையிற வரைக்கும் இவளுக்குப் பால் ஊறல."

நம் ஊரில் மாலை நான்கு என்றால் அங்கே முற்பகல் பதினொன்றரை. பயணக் குறிப்பேட்டை எடுத்து 18ஆம் தேதியைப் புரட்டினேன். அந்த நேரத்துக்கு நேரே என் கையெழுத்தில் இருந்தது: "ரயில் புறப்பட்டது. கடல் பக்கத்து ஜன்னல் கிடைத்தது."