கொக்கியும் புது அடுப்பும்

எங்கள் வீட்டுப் பூனைக்கு வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கும். சிங்கப்பூர்ப் பூனைகளில் பாதிக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் கொக்கி என்ற பெயர் எங்களுடையதற்கு மட்டும்தான் என்று நான் தெருவில் சண்டை போட்டு நிலைநாட்டியிருந்தேன். டன்லப் ஸ்ட்ரீட்டில் கீழே முன்பக்கம் அப்பாவின் மளிகைக்கடை, அதற்குப் பின்னால் அடுப்படி, மேலே நாங்கள் படுக்கும் அறைகள். மூட்டை இருக்கிற இடத்தில் எலி வரும், எலிக்குப் பூனை வேண்டும், அதற்கு மேல் பூனையோடு தமக்கு ஒரு பேச்சும் இல்லை என்பார் அப்பா. எனக்கு அண்ணன் தம்பி அக்காள் தங்கை ஒருவரும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் நடந்ததைக் கொக்கியிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மாவிடம் சொல்வேன்.

அது மகா சுத்தக்காரி. குட்டியாக வந்த சில நாளிலேயே அம்மா அதைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டாள். பிறகு வீட்டுக்குள் ஒரு சொட்டு விழுந்ததில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வாள். "எம் பொண்ண விட சீக்கிரமா கத்துக்கிச்சு" என்று என்னையும் இழுத்துவிடுவாள். எனக்கு மானம் போகும்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. துறைமுகத்தில் கிராணியாக, அதாவது பேனா பிடிக்கிற உத்தியோகத்தில் இருந்தவர் அவர். ஊருக்குப் போய்த் தாலி கட்டி, நாகப்பட்டினத்துக் கப்பலில் சித்தியை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சித்தி ஒல்லியாக, ஒரு தகரப் பெட்டியோடு, இருமிக்கொண்டே வந்தாள். மறுநாள் காலை அம்மா கரியடுப்பை விசிறியபோது அந்த இருமல் இன்னும் பெரிதாகிவிட்டது. சித்தப்பா பதறிப்போனார். புதுமாப்பிள்ளை அல்லவா! சம்பளம் வந்ததும் வராததுமாக ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைத் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார்.

"அண்ணி, இனிமே புகையே கிடையாது லா. நீங்க ஜாலியா உக்காந்திருக்கலாம்."

உட்கார்ந்திருக்கும் பழக்கம் அம்மாவுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அன்றைக்கே சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுப்படியைச் சுத்தம் செய்தார். கரிக்கூடை, விசிறி, சாம்பல் தொட்டி, கரிபிடித்த துணி எல்லாம் வெளியே போயின. கரியடுப்பு மட்டும் கனமாக இருந்ததால் மூலைக்குத் தள்ளப்பட்டு, மேலே ஒரு சாக்கு போட்டு மூடப்பட்டது. புது அடுப்பின் திரியை ஏற்றி இறக்கும் வித்தையைச் சித்தப்பா சித்திக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். அம்மாவுக்கு அதைத் தொடப் பயம். பயம் என்று ஒத்துக்கொள்ள அம்மாவுக்கு வாய் வராது. "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். அதிலிருந்து சமையல் சித்தி கைக்குப் போயிற்று.

கொக்கி முதலில் சித்தியின் பாயில்தான் ஒன்றுக்குப் போனது. எல்லோரும் சிரித்தோம். புது ஆள் வாடை பூனைக்குப் பிடிபடவில்லை என்றார் அப்பா. அடுத்தது வேலைக்குப் போக எடுத்து வைத்திருந்த சித்தப்பாவின் வெள்ளைக் காற்சட்டை. அதில் சிரித்தது நான் மட்டும்தான், தலையில் ஒரு குட்டு வாங்கினேன். பிறகு மாடிப்படியின் கீழ், தலையணை மூலை, சித்தியின் தகரப் பெட்டிக்குப் பின்னால் என்று அது பாட்டுக்கு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டது. பூனை மூத்திரம் என்றால் சும்மாவா? துவைத்து வெயிலில் போட்டாலும் மறுநாள் மழைக்காற்று அடித்ததும் கிளம்பி வரும்.

செய்யாத வைத்தியம் இல்லை. எலுமிச்சைத் தோல் தேய்த்தோம், காடி ஊற்றிக் கழுவினோம், பெட்டிக்கு அடியில் பூச்சி உருண்டை போட்டோம். சித்தப்பா அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்துப் பாடம் நடத்தினார். கொக்கி அவர் கையில் கீறிப் பதில் பாடம் நடத்தியது. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவோம் என்று முடிவானபோது, மண்ணெண்ணெய் அடுப்பில் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் எல்லோரும் விழித்தோம். கடைசியில் முச்சந்தியில் கொட்டிவிட்டு வந்தோம். என் நல்ல காலம், சுற்றியது கொக்கிக்கு. எனக்குச் சுற்றியிருந்தால் அந்தக் கண்றாவியில் மூன்று முறை துப்பச் சொல்லியிருப்பார்கள்.

இந்த அமளியில் பக்கத்து வீட்டு அத்தை நுழைந்தாள். அவள் எங்களுக்கு ஒரு வகையிலும் சொந்தமில்லை. வாய் மட்டும் சொந்தக்காரி வாய். படியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இத்தன வருஷம் இல்லாதது இப்ப ஏன் வருது? யாரு கால் வச்ச நேரமோ, வாயில்லா ஜீவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

சித்தி சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறின கை நின்றுவிட்டது. மற்ற நாளாக இருந்தால் அம்மா அந்த அத்தையைப் படியோடு இறக்கி அனுப்பியிருப்பாள். தெருவில் காகம் கத்தினாலும் அதற்கு ஒரு கருத்துச் சொல்லுகிறவள் எங்கள் அம்மா. அன்றைக்கோ வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியின் கீழே துடைத்தாள். அந்த நாட்களில் கொக்கி போன இடத்தையெல்லாம் அம்மாதான் துடைத்தாள். சித்தி ஓடி வந்தால், "நீ போ, நீ அடுப்பப் பாரு" என்று விரட்டிவிடுவாள். அம்மா எவ்வளவு நல்லவள் என்று எனக்குப் பூரிப்பாக இருந்தது.

பிறகு கொக்கி கடைக்குள் போய்க் கொத்தமல்லி மூட்டை மேல் உட்கார்ந்தது. அவ்வளவுதான். அப்பா வீட்டில் எது நாறினாலும் பொறுத்துக்கொள்வார், கடையில் நாறினால் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டார். எங்கள் கடைக்கு வியாழக்கிழமைதோறும் பாசிர் ரிஸ் பக்கமிருந்து முட்டை கொண்டுவருகிற சீனர் ஒருவர் இருந்தார். கோழிப்பண்ணை வைத்திருந்தார். அவரிடம் கொக்கியைக் கொடுத்துவிடுவதென்று அப்பா பேசி முடித்துவிட்டார். பாசிர் ரிஸ் அப்போது கடலும் கம்பம் என்கிற மலாய்க் கிராமமும் செம்மண் பாதையுமாகக் கிடந்த இடம். அங்கிருந்து எந்தப் பூனையும் டன்லப் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பி வராது.

நான் அழுதேன், தரையில் உருண்டேன், சாப்பிடமாட்டேன் என்று அறிவித்தேன். சித்தி பொரித்த நெத்திலியின் வாசனை வந்ததும் அந்த அறிவிப்பை வாபஸ் வாங்கினேன். அது வேறு அவமானம். அப்பா மசியவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்தபோது அடுப்படி வாசலில் சாக்கு தயாராக இருந்தது. நான் கொக்கியை மடியில் போட்டுக்கொண்டு சாக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அம்மா அதற்கு ஒரு முழு மீன் தலையை வைத்தாள். வைத்துவிட்டு இரண்டு தரம் என் பக்கம் வந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, "மூக்கத் தொடச்சிக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு விளக்கை வியாழனன்றே துலக்கிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். சித்தி குழாயடியில் குத்துவிளக்கை வைத்துப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புளி மட்டும் போட்டா பளிச்சுனு வரமாட்டேங்குது. எங்க வீட்டுல சாம்பல் சேத்துத் தேய்ப்போம்."

"சாம்பலுக்கு எங்க போறது? அதான் புது அடுப்பு வந்துடுச்சே" என்றாள் அம்மா.

"பக்கத்து தோசக்கடையில கரிதான எரியுது. நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வரட்டா?"

சித்தி அதுவரை தனியாகத் தெருவில் இறங்கினதே இல்லை. அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "போய்ட்டு வா" என்றாள்.

சித்தி ஒரு பிஸ்கட் டின் நிறையச் சாம்பலோடு வந்தாள். குழாயடிக்குப் பக்கத்தில் அதை வைத்து, ஒரு பிடி அள்ளிக்கொண்டு விளக்கின் பக்கம் திரும்பினாள். மடியில் கிடந்த கொக்கி தலையைத் தூக்கியது. என் தொடையில் நகத்தை ஊன்றிப் பாய்ந்தது. நேராக டின்னுக்குள் ஏறியது. பரபரவென்று குழி பறித்தது, திரும்பியது, உட்கார்ந்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. முடிந்ததும் பொறுப்பாக மூடிவிட்டு இறங்கி வந்து மீன் தலையைத் தின்ன ஆரம்பித்தது.

"அட ராமா, இதுக்குத்தானா இவ்வளவு கூத்து?" என்றார் கடையிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா.

அதே நேரத்தில் முட்டைக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பூனை எங்கே என்று மலாயில் கேட்டார். அப்பா வாயைத் திறக்கும் முன் அம்மா உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள்: "தா ஜாடி! தா ஜாடி!" அந்தப் பேச்சே இனி இல்லை, ரத்து என்று அர்த்தம். நான் சாக்கைக் காலால் உதைத்தேன்.

சித்தி சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அம்மாவைப் பார்த்தாள். மூலையில் சாக்குக்கு அடியில் இருந்த கரியடுப்பையும் பார்த்தாள். அவள் சிரிப்பு கொஞ்சம் நின்று, பிறகு வேறு மாதிரி வந்தது. அன்று மாலை சித்தப்பா வேலையிலிருந்து வந்து உட்கார்ந்ததும், எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"அக்கா, இந்த அடுப்புல வச்சா சோத்துல மண்ணெண்ண வாட அடிக்குது. எனக்குத் தொண்டைக்குள்ளயே போக மாட்டேங்குது. நீங்க கரியடுப்பையே பத்த வையுங்களேன். இது டீ போட மட்டும் இருக்கட்டும்."

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. "வாடையா? எனக்கு ஒண்ணும் தெரியல லா" என்றார். எனக்கும்தான் தெரியவில்லை. அத்தனை நாளும் அந்தச் சோற்றை இரண்டு தட்டு தின்றவள் நான். ஆனால் வாயைத் திறந்தால் சாம்பல் போய்விடுமே என்று, "ஆமா ஆமா, ஒரே நாத்தம்" என்று ஒத்து ஊதினேன்.

"உனக்கு இருமல் வருமே" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பழகிக்கிறேன் அக்கா."

மறுநாள் அம்மா கரியடுப்பை நடுவில் இழுத்துப் போட்டுப் பற்றவைத்தாள். சித்தியைப் புகை வராத பக்கமாக வாசலில் உட்கார வைத்தாள். சோறு வடித்ததும் அப்பாவுக்கும் முன்னால் முதல் தட்டைச் சித்திக்குப் போட்டாள். நெய்யை வேறு தாராளமாக ஊற்றினாள். ஊற்றும்போது அவள் கண் கலங்கியிருந்தது. புகைதான் என்று நினைத்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தபோது, "எங்க வீட்டுப் பொண்ணு கால் வச்ச நேரம்தான் பூன பொழச்சுது, போ!" என்று சொல்லிப் படியோடு இறக்கிவிட்டாள்.

ரொம்ப வருஷம் கழித்து, தோ பாயோவில் என் சொந்த வீட்டுக்கு ஒரு குட்டிப் பூனை வந்து சேர்ந்தது. ஒரு தட்டில் மணலைக் கொட்டி, குட்டியை அதில் நிறுத்தி, முன்னங்காலைப் பிடித்துப் பறிக்கச் சொல்லிக்கொடுத்தேன். இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்தபோதுதான் ஞாபகம் வந்தது. டன்லப் ஸ்ட்ரீட் அடுப்படியில் அம்மா குந்தியிருக்கிறாள். பிள்ளைக்கு அரிசியில் எழுத்துப் பழக்குவதைப் போல, கொக்கியின் குட்டிக் காலைப் பிடித்துச் சாம்பலில் பறித்துக் காட்டுகிறாள். பூனைக்கு என்ன வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று சித்திக்குத் தெரிந்துவிட்டது. நான்தான், வீட்டில் மறுபடி இடம் கிடைத்தது கொக்கிக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு அத்தனை சந்தோஷமாகத் தூங்கப் போனேன்.