சுனிலின் பூதம்

போசரியில் ஒரு கம்பெனியில் நட்டையும் போல்ட்டையும் அளந்து பார்ப்பது ஷீலாவின் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தல் துணியில் பூதம் செய்வாள். முப்பத்தைந்து வயதுப் பெண் செய்கிற காரியமா இது என்று அவள் குடியிருக்கும் கோர்படியில் கேட்காத ஆள் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பூதம் அவளுடைய தம்பி சுனிலுடையது. சின்ன வயதில் இருவரும் கட்டிலுக்கடியில் வளர்த்தது. யாரையும் கடிக்காது, கெட்ட கனவை மட்டும் மென்று தின்னும். அதற்குத் தமிழ்தான் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்தியிலோ மராத்தியிலோ கூப்பிட்டால் வராது என்று சுனில் சட்டம் போட்டிருந்தான். வெளியே ‘மதராசி’ என்று கேலி வாங்கி வந்த பிள்ளைகளுக்கு வீட்டில் அந்த ஒரு துணை இருந்தது. எட்டு வயதில் டெங்கு வந்து நாலே நாளில் சுனில் போய்விட்டான்.

அவன் துணிகளை அம்மா ஆனந்தவல்லி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவனுக்குப் படைக்கிற நாளில் மட்டும் திறந்து, சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுவாள்.

இந்த வருஷம் ஒரு கண்காட்சியில் ஷீலாவுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆளுயரப் பூதம் ஒன்று செய்ய நினைத்தாள். தம்பியின் சட்டையும் ஸ்வெட்டரும்தான் அதற்கு உடம்பாக வேண்டும் என்று மனசு அடம்பிடித்தது. கேட்டால் அம்மா தரமாட்டாள். கேட்காமலே சாவியைத் தேடிப் பெட்டியைத் திறந்து எடுத்து வெட்டினாள், தைத்தாள், நீலப் பெயிண்ட் அடித்தாள், பழைய எக்ஸ்ரே பிலிமில் பல் வைத்தாள். திறப்பு விழாவன்று அம்மாவை அதன் முன்னால் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். பூதத்தை மடித்து ஒரு கோணி மூட்டையில் கட்டி வைத்தாள். மிச்சக் கந்தலைப் போட்டு வைப்பதும் அதே மாதிரி மூட்டையில்தான்.

திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு வேலையிலிருந்து வந்தபோது மூட்டையைக் காணோம். பழைய துணிக்குப் பாத்திரம் தரும் பாண்டிவாலி தெருவில் வந்தாளாம். கந்தல் மூட்டை என்று நினைத்து அதைத் தூக்கிக் கொடுத்து, பெயிண்ட் பட்டது வேண்டாம் என்றவளிடம் தன் புடவை இரண்டையும் சேர்த்துப் போட்டு, பேரம் பேசி, மகள் கம்பெனிக்குச் சோறு கொண்டுபோக எவர்சில்வர் டப்பா வாங்கியிருந்தாள் அம்மா. ஆசையாக எடுத்துக் காட்டினாள்.

ஷீலா இரண்டு நாள் லீவு போட்டுப் பழந்துணிச் சந்தையெல்லாம் அலைந்தாள். கிடைக்கவில்லை. கண்காட்சி ரத்தாகிவிட்டது என்று அம்மாவிடம் பொய் சொன்னாள்.

படைக்கிற நாள் வந்தது. பெட்டியைத் திறந்த ஆனந்தவல்லி சட்டை எங்கே என்று கேட்டாள். மகன் சட்டையைத் தன் கையாலேயே டப்பாவுக்குப் போட்டோம் என்று தெரிந்தால் அம்மா தாங்கமாட்டாள். ஷீலாவுக்கு அது நிச்சயம்.

“நான்தாம்மா எடுத்து யாருக்கோ குடுத்துட்டேன்.”

“ஒரு வார்த்த என்னைக் கேட்டியாடி?” என்றாள் ஆனந்தவல்லி. “உனக்கு அவன் யாரோ. எனக்குப் புள்ள.”

ஷீலா பெட்டியை மூடி வைத்தாள். அன்றிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை.