இனியாவைக் கட்டிக்கொண்டு போன துணி

இங்கே ஜெர்மனியில், லைப்ஸிக்கில் அப்பாக்கள் குழந்தையைத் துணியால் நெஞ்சில் கட்டிக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள். ஒரு கையில் காபி, இன்னொரு கையில் நாயின் கயிறு. குழந்தையின் தலை மட்டும் கோட்டுக்கு வெளியே தெரியும். வந்த புதிதில் டிராமில் அப்படி ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தபோது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டிவனத்தில் என் அப்பா என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை. காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாராம். அதுவும் அக்கா சொல்லித்தான் தெரியும். எங்கள் பக்கம் குழந்தையின் இடம் இடுப்பு, அதுவும் பெண்களின் இடுப்பு. அப்படி வளர்ந்த நானும் ஒரு மார்ச் மாதம் என் மனைவி செல்வியோடு போய் அந்தத் துணியை வாங்கினேன்.

கடைக்காரப் பெண்மணி பொறுமைசாலி. குழந்தையின் எடையிலேயே ஒரு பொம்மை வைத்திருந்தார். இழுத்தால் நீளும் துணி, நீளாத நெசவுத் துணி, தோளில் வளையம் கோத்தது, வாரும் பக்கிளும் வைத்துப் பை போலத் தைத்தது என்று ஒவ்வொன்றிலும் பொம்மையைக் கட்டிக் காட்டினார். எங்கள் இனியாவைப் போல ஏழு மாதக் குழந்தைக்கு, அதுவும் அப்பா தூக்குவதென்றால், பக்கிள் வைத்ததே சுலபம் என்றார். எவ்வளவு காலத்துக்கு வேண்டும் என்று கேட்டார். "ஐன் டாக்" என்றேன். ஒரு நாள். அவர் சிரித்து, என் ஜெர்மனைத் திருத்துவதுபோல "ஐன் யார்?" என்றார். ஒரு வருடமா? இல்லை, ஒரு நாள்தான் என்று மறுபடி சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மூன்று வயது வரைகூட இதில் தூக்கலாம், குழந்தைக்கு அப்பாவின் நெஞ்சுச் சூடு நல்லது என்று விளக்க ஆரம்பித்தார். செல்வி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, அலமாரியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்துகொண்டிருந்தாள். கடைசியில் நாலரை மீட்டர் நீளத்தில் சாம்பல் நிற நெசவுத் துணி ஒன்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள்.

செல்வி இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். எங்கள் இருவர் விசாவும் அவள் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பாவிட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள். எனக்குப் பார்சல் கிடங்கில் ஷிப்ட். பதினொரு குழந்தைக் காப்பகங்களில் பெயர் எழுதி வைத்தோம். எல்லா இடத்திலும் காத்திருக்கச் சொன்னார்கள். செல்விக்கு அம்மா இல்லை. அப்பா விழுப்புரத்தில் அண்ணன் வீட்டில் ஓர் அறையில் முடங்கிவிட்டார். எஞ்சியது என் அக்கா விஜயாதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் குழந்தை இல்லாமல், முண்டியம்பாக்கத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் வைத்தியத்துக்கு அலைந்து ஓய்ந்தவள். போனில் நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும், "வேற யார்கிட்டயோ குடுக்கிற மாதிரி ஏன்டா இவ்ளோ யோசிக்கிற? என்கிட்ட வுட்டுட்டுப் போ, நான் பார்த்துக்கினு கெடக்கறேன்" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது.

அந்தத் துணியை செல்வி ஏன் எடுத்தாள் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். பக்கிள் வைத்ததில் பாதி பிளாஸ்டிக், அதில் வாசனை நிற்காது என்றாள். அன்றிலிருந்து அதைப் போர்த்திக்கொண்டே தூங்கினாள். அதில்தான் பால் கொடுத்தாள், அதில்தான் முகம் துடைத்தாள். ஒரு தடவைகூடத் துவைக்கவில்லை. கிளம்பும் நாளில் இனியாவை என் நெஞ்சில் வைத்து, இரண்டு தோளிலும் துணியைக் குறுக்கே போட்டு இறுக்கி முடிந்தாள். முடிச்சைப் பிடித்தபடியே, "இத தோய்க்காதீங்க. அக்காகிட்ட மறக்காம சொல்லிடுங்க. இத கிட்ட வெச்சா தூங்கிடுவா" என்றாள். அவளுக்கு விடுப்பு இல்லை. வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள்.

சென்னையில் விமானம் இறங்கி, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறியபோது பக்கத்து இருக்கை அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாபா இது, இப்பிடி மூட்ட மாதிரி கட்டிக்கினு வர்ற? புள்ளைக்கு மூச்சு முட்டாதா? அம்மாக்காரி எங்க?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"பால் குடிக்கிற புள்ளய வுட்டுட்டா? சாய்ந்தரம் வந்துடுவாளா?"

"வந்துடுவாங்க" என்றேன். அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்கிப்போனார். இனியா விமானத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தாள். ஆனாலும் மூக்கைத் துணியில் புதைத்துக்கொண்டு திண்டிவனம் வரை தூங்கினாள்.

பஸ் நிலையத்தில் அக்காவும் மாமாவும் நின்றிருந்தார்கள். மாமாவுக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அன்று கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். ஆட்டோவில் அக்கா குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே வந்தாள். துணியைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. இந்தக் குழந்தை தூங்க இன்னொரு பெண்ணின் வாசனை வேண்டும் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நான் குளித்துவிட்டு வந்தபோது மொட்டை மாடிக் கொடியில் சாம்பல் துணி நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே வாந்தி நாத்தம்டா. சோப்புத்தூள் போட்டு ஊற வெச்சு, ஜல்தி அலசிப் போட்டுட்டேன்" என்றாள் அக்கா. வேலை முடித்த திருப்தி அவள் முகத்தில் இருந்தது. நான் போய்த் துணியின் ஒரு முனையைப் பிடித்து முகர்ந்தேன். எலுமிச்சை சோப்பு வாசனைதான் வந்தது. முனையைக் கொடியில் நேராக்கிப் போட்டேன். அவள் என்ன தப்பு செய்தாள்?

மூன்று நாள் இனியா தொண்டை கட்டும் வரை அழுதாள். அக்கா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். செல்வி போனில், "துணிய வெச்சுக்கினு தூங்குறாளா?" என்று கேட்டாள். "தூங்குறா" என்றேன். நான்காம் நாள் உண்மையாகவே தூங்கினாள், அக்காவின் தோளில். செல்விக்கு இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

அக்கா நேர்மையானவள். ஒரு நாளும் தன்னை அம்மா என்று கூப்பிட விடவில்லை. அத்தை என்றே பழக்கினாள். நான் இங்கே திரும்பிய பிறகு தினமும் வீடியோ காலில் எங்களைக் காட்டி, "அம்மா பாரு, அப்பா பாரு" என்று சொல்லிக்கொடுத்தாள். இனியா உட்கார்ந்ததையும் நடந்ததையும் நாங்கள் உள்ளங்கை அகலத்தில் பார்த்தோம். பதினாறு மாதம் கழித்து ஒரு காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது: இடம் இருக்கிறது. இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளை அழைத்துவரப் போனோம். மூன்று வாரம் இருந்தோம். அழைத்து வரவில்லை. ஏன் என்று இங்கே கேட்கிறவர்களுக்கு விசா தாமதம் என்று சொல்கிறேன். நடந்தது வேறு.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தோம். இனியா அக்காவின் புடவைக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தாள். செல்வி கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். அக்காவுக்குத் தான் சொல்லிக்கொடுத்ததைக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. "இனியா, அம்மா எங்கடி? அம்மாவக் காட்டு!" என்றாள். குழந்தை உள்ளே ஓடியது. அக்காவின் போனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தது.

"தோ உக்காந்துக்கினு இருக்காங்க பாரு, இவங்கதான் அம்மா."

இனியா தலையை ஆட்டினாள். "இல்ல, இதுல" என்று திரையைத் தட்டினாள். "அத்த, அம்மா போடு."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். செல்வி எழுந்தாள். தன் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிறிது நேரத்தில் அக்காவின் போன் ஒலித்தது. இனியா பொத்தென்று தரையில் உட்கார்ந்து, திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்துக் கைதட்டி, "அம்மா!" என்றாள்.