கிரைண்டர் இடத்தில் நின்ற சிவப்பு வண்டி

எங்கள் வீட்டு முன்பக்கம் தகரக் கூரை போட்ட இடம் ஒன்று உண்டு. அங்கேதான் என் கிரைண்டர் இருந்தது. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்காரர்களுக்குத் தோசைமாவு என்னிடமிருந்துதான் போகும். எனக்கு ஆட்களோடு நின்று பேச வராது. அவர்கள் பாத்திரத்தை நீட்டுவார்கள், நான் மாவை ஊற்றுவேன். அதற்குப் பேச்சு வேண்டியதில்லை. அந்த இடத்தை என் மருமகன் ஒருநாள் காருக்குக் கொடுத்துவிட்டார்.

சும்மா கார் இல்லை, ஸ்போர்ட்ஸ் காராம். இரண்டே கதவு. பின்சீட்டில் ஒரு பூனை உட்காரலாம், அதுவும் மெலிந்த பூனையாக இருந்தால். ஆலுவாவில் யாரோ வேண்டாமென்று சாக்கு போட்டு மூடி வைத்திருந்ததை இவர் தேடிப்போய் வாங்கி வந்தார். முனிசிபல் ஆபீசுக்கு அதில் போய் இறங்கினால் மேலதிகாரி எழுந்து நிற்பார் என்று நினைத்தாரோ என்னவோ. என் கிரைண்டர் குளியலறை வாசலுக்குப் போனது.

“குளிமுறிப் பக்கத்துல ஆட்டுற மாவா?” என்று கேட்டுவிட்டு எதிர்வீட்டுக்காரி அன்றோடு கடை பாக்கெட்டுக்குப் போய்விட்டாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு வீடு நின்றது. என் பிழைப்பு அப்படியே கரைந்துகொண்டிருந்தது.

வண்டி சந்துக் கல்லில் ஏறினால் போதும், அடியில் தடக் தடக் என்று அடித்துக்கொள்ளும். சுள்ளிக்கல்லில் இருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். முக்குவரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். “புஷ் எல்லாம் போயி சேட்டா. சத்தம் நின்னா விளிச்சுச் சொல்லு, நான் எடுத்துக்கறேன்,” என்றார்.

“சத்தம் நின்னதும் குடுத்துடணும்,” என்றாள் என் மகள். மருமகனும் தலையாட்டினார். சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில் அதிர்ச்சி தாங்குவதற்கு ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதுதான் புஷ். அன்றிலிருந்து அந்த ரப்பருக்காக நானும் சாமி கும்பிட்டேன்.

வொர்க்‌ஷாப்பில் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். “அவனுக கையில குடுத்தா கெடுத்துடுவானுக. நானே மாத்துவேன்,” என்றார் மருமகன். வீட்டில் பல்ப் மாற்ற ஆள் கூப்பிடுகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வந்தது. கூடவே ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வந்தார். என் அரிசி டிரம்மில் போனைச் சாய்த்து வைத்து, யாரோ வெள்ளைக்காரன் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கழற்றினார்கள். அவன் ஒரு போல்ட்டைக் கழற்றும் நேரத்தில் இவர்கள் ஒரு சாயா குடித்தார்கள். பழைய ரப்பரை எடுக்கத் தீ வைத்தார்கள். கரும்புகை நேராக என் ஊறுகிற அரிசிக்கு வந்தது. அந்த அரிசியைக் கொட்டினேன்.

புது ரப்பர் இரும்புக்குள் ஏற மறுத்தது. பார்ட்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டார் மருமகன்.

“சோப்புவெள்ளம் மட்டும் மதி சேட்டா. எண்ணெய் தொடவே வேண்டாம், ரப்பர் கேடாகும்.”

சோப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வழுக்கி விளையாடினார்கள். பிறகு சிநேகிதர், “வெளிச்செண்ணெய் தேய்ச்சா போகாத சாதனம் உண்டோடா?” என்றார். இந்த ஊரில் தேங்காயெண்ணெய் தலைக்கும் போகும், கறிக்கும் போகும், இறுகிய கதவுக் கீலுக்கும், கழறாத மோதிரத்துக்கும் போகும். அதற்கு மேல் யோசிக்க இருவராலும் முடியவில்லை.

“அத்தே, அந்த எண்ணெய்க் குப்பியை எடுங்க.”

கதவுக்குப் பின்னால் நின்றபடியே, “கடைக்காரர் எண்ணெய் வேண்டாம்னு…” என்றேன்.

“அத்தே, இது ஆப்பச்சட்டி இல்லே, வண்டி.”

இருவரும் சிரித்தார்கள். நான் குப்பியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ரப்பர் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சாயங்காலம் சந்தில் ஓட்டினார், சத்தமே இல்லை. இறங்கி வந்தவர் நடையே மாறியிருந்தது.

“இனி எதுக்கு விக்கணும்? பூ மாதிரிப் போகுது.”

“சொன்ன வாக்கு?” என்றாள் மகள்.

“அது சத்தம் இருந்தப்ப சொன்னது.”

குளியலறை வாசலில் மாவுக்கையோடு இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உப்பைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டேன் போல, மறுநாள் அதற்கும் ஒருத்தி முகம் சுளித்தாள்.

சில வாரம் அவர் பெருமை தாங்க முடியவில்லை. சாயாக்கடையில் போவோர் வருவோருக்கெல்லாம் புஷ் பாடம் நடந்தது. பிறகு ஒரு காலை, தடக் என்றது. ரோடு சரியில்லை என்றார். அப்புறம் டிக்கியில் கிடக்கும் ஸ்பானர் என்றார். டிக்கியைக் காலி செய்த பிறகும் தடக் தடக். கடைசியில் என்னைப் பார்த்து, “அத்தைக்கு மட்டும்தான் கேக்குது,” என்றார்.

சிநேகிதர் வந்து அடியில் படுத்துப் பார்த்தார். புது ரப்பரெல்லாம் ஊறின கடலை மாதிரி உப்பி, இருபுறமும் பிதுங்கிக் கிடந்தது.

“எண்ணெய் நீயல்லே சொன்னது?”

“குப்பி கேட்டது நீயல்லே?”

இப்படியே சாயா ஆறும்வரை. மகள் அந்தப் பேச்சு முடியக் காத்திருக்கவில்லை. சுள்ளிக்கல்காரருக்குப் போன் போட்டுவிட்டாள்.

அவர் வந்து குனிந்து, விரலால் தடவி, மோந்து பார்த்தார். “இதென்னா சேட்டா, வண்டியைத் தாளிச்சிருக்கே?”

சந்தே சிரித்தது. இந்த முறை மருமகன் சிரிக்கவில்லை. புஷ் தானே மாற்றிக்கொள்வதாகச் சொல்லி, சுள்ளிக்கல்காரர் காரை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நேரமில்லாததால் கொடுத்துவிட்டதாக மருமகன் சாயாக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

அன்றைக்கே தரையைக் கழுவிக் கிரைண்டரை முன்பக்கம் கொண்டுவரச் சொன்னேன். தூக்கியதும் மருமகன்தான். மூச்சு வாங்கி நின்றவர், மூலையைக் காட்டி, “அத்தே, அங்க ஒரு பழைய பைக் மட்டும் வெச்சுக்கட்டா? சின்னதுதான்,” என்றார்.

நான் அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு போய் அந்த மூலையில் வைத்தேன்.