வெள்ளிக்கிழமை தேய்த்த குடம்

அந்தச் சனிக்கிழமை காலையில் நடந்தவை:

1. சாக்கோட்டை அருகே ஓர் அரசுப் பள்ளியில், சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் அறிவியல் வகுப்புக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சிலர் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், சிலர் ஊர்க் குளமான ஊருணியின் தண்ணீர்.
2. பேட்டரி, ரெசிஸ்டர், சின்ன எல்.இ.டி. விளக்கு, இரண்டு ஆணிகள், எல்லாவற்றையும் ஒயரால் இணைத்திருந்தோம். ஆணிகளைத் தண்ணீரில் வைத்தால், அதில் கரைந்திருக்கும் உப்புக்கு ஏற்றபடி விளக்கு எரியும்.
3. போர் தண்ணீரில் பளிச்சென்று எரிந்தது. ஊருணித் தண்ணீரில் உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது.
4. ஒரே ஒரு பிள்ளையின் ஊருணித் தண்ணீரில் மட்டும் பளிச்சென்று எரிந்தது.

என் நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'தண்ணீர் மாறிவிட்டது' என்று எழுதினேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். இன்னொரு முறை சோதிக்காமலே எழுதினேன்.

அவளுக்கு அதுதான் முதல் வகுப்பு. சனிக்கிழமைகளில் ஆடு மேய்ப்பது அவள் பொறுப்பு. வயல் கூலிக்குப் போகும் அவள் அம்மா, அன்று ஒரு நாள் ஆடுகளைத் தானே ஓட்டிக்கொண்டு இவளை அனுப்பியிருந்தார்.

"மத்தியானம் அம்மா வந்து பாக்கும் மிஸ். உருப்படியா ஒண்ணும் இல்லாட்டி இனிமே விடாது" என்று வந்ததுமே சொல்லியிருந்தாள்.

பக்கத்துப் பெஞ்சுக்காரி விடவில்லை. "ஊருணி வரைக்கும் நடக்கச் சோம்பப்பட்டு போர் தண்ணியப் பிடிச்சுட்டு வந்திருக்கா மிஸ்!"

"ஆட்டுக்குப் பின்னால நான் நடக்குற தூரத்த நீ சைக்கிள்லகூடப் போயிருக்க மாட்டே. ஊருணித் தண்ணிதான் மிஸ். எங்க வீட்டுக் குடத்துல இருந்து ஊத்திட்டு வந்தேன்."

சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள்.

"மிஸ், நேத்து வெள்ளிக்கிழமை."

"அதுக்கென்ன?"

"பித்தளைக் குடம். அம்மா புளியும் உப்பும் போட்டுத் தேச்சுச்சு."

ஊருணித் தண்ணீர் கொண்டுவந்த மற்றவர்கள் ஊருணியிலேயே பாட்டிலை முக்கி எடுத்தவர்கள். இவளுடையது மட்டும் குடத்தில் ஓர் இரவு இருந்த தண்ணீர். நான் நோட்டை மூடி வைத்தேன்.

ஊருணி பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவள் ஓடிப்போய் ஒரு பாட்டில் பிடித்து வந்தாள். விளக்கு மங்கலாக எரிந்தது. அதோடு விடவில்லை. சத்துணவுக் கூடத்தில் கொஞ்சம் புளியும் உப்பும் வாங்கி, தனித்தனி டம்ளர்களில் அந்தத் தண்ணீரிலேயே கரைத்தாள். இரண்டிலும் விளக்கு கூடுதலாக எரிந்தது, உப்பில்தான் அதிகம். புளியிலும் எரிய வைக்கும் சங்கதி இருக்கிறதா என்று எல்லோரும் மேசையைச் சுற்றி நெருக்கினார்கள். சோம்பேறி என்றவள்தான் முதலில் ஆணியைப் பிடித்தாள்.

மத்தியானம் அம்மா வந்தார். ஆடுகளைப் பள்ளி கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, மகள் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டியதை நின்றே பார்த்தார்.

"குடத்த நல்லா அலசலன்னு ஊருக்கே வெளக்குப் போட்டுக் காட்டுறியாடி?"

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு ஆணிகளை வாங்கித் தானே ஒரு டம்ளருக்குள் வைத்துப் பார்த்தார்.

"எங்க ஆடு ஒரு கெணத்துத் தண்ணியக் குடிக்கவே மாட்டேங்குது. அதையும் இதுல பாக்கலாமாங்க? நீங்க சொல்லித் தருவீகளா?"

"பாக்கலாம். உங்க பொண்ணே பாத்துச் சொல்லுவா."

"அப்ப ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரட்டும். ஒவ்வொரு வாரமும் என்னால முடியாது."

வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமையும் ஆடு மேயும் மிஸ்" என்றாள்.

இப்போது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வருகிறாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் விளக்கு மங்கலாகத்தான் எரிந்தது. அப்படியும் ஆடுகள் ஏன் குடிப்பதில்லை என்று எங்கள் இருவருக்கும் இன்னும் தெரியவில்லை.