கோமதி விட்டுட்டுப் போனாளா?

கோச்சடையில் எங்கள் தெருமுனைச் சுவரில் நேற்றுக் காலை கல்யாணப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மதுரையில் கல்யாணம் என்றால் பெண் மாப்பிள்ளையோடு மாப்பிள்ளையின் நண்பர்கள் இருபது பேரும் சுவரில் சிரிக்க வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை. பால் வாங்கப் போன நான் அங்கே நின்றது பசை வாசனைக்காக. காய்ச்சிய மைதாவில் மயில்துத்தம் கலந்த அந்தப் புளித்த நெடி உங்களுக்குப் போஸ்டர் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது நாவல் வாசனை.

சிரிக்காதீர்கள். அப்போதெல்லாம் வீட்டில் வாரப் பத்திரிகை வாங்குகிறவர்கள் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைப்பார்கள். கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்தால் தைத்து, அட்டை போட்டு, இதே பசையால் ஒட்டித் தருவார். விலைக்கு வாங்கிய புத்தகத்தில் இல்லாத சுகம் அதில் உண்டு. கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போது பக்கத்தைத் திருப்பினால் பாதி வத்தக்குழம்பு செய்முறை இருக்கும். மீதிப் பாதி கிழிக்காத பக்கத்தோடு போயிருக்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்படியொரு பைண்டு புத்தகத்தை என் தங்கை செல்வி கொண்டுவந்தாள். நான் அப்போது ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். செல்வி எங்களோடு தங்கி, தெற்கு மாசி வீதியில் ஒரு சுங்குடிச் சேலைக் கடையில் கணக்கு எழுதினாள். அப்பா அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊரில் விவசாயம் பார்த்தார்.

"அண்ணே, ஒரு அத்தியாயம் படிச்சுப் பாரு. பொறகு சோறு கேக்க மாட்ட."

அவள் சொன்னபடியே ஆனது. கதையில் கோமதி என்றொருத்தி. தபால் ஆபீசில் வேலை, ஊரார் கார்டுகளைப் படித்துவிட்டுத்தான் பையில் போடுவாள். வரதன் என்றொருவன். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் உண்மை பேசத் தெரியாது. தன் கார்டை அவள் படித்துவிட்டாள் என்று சண்டை போட வருகிறான். மூன்றாம் நாள் இருவரும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது. நல்லவர்களைப் பற்றிய கதைகளையே படித்து வளர்ந்தவனுக்கு, இப்படி ஓட்டையும் உடைசலுமான இரண்டு பேர் மேல் இவ்வளவு ஆசை வருமா?

யார் முதலில் படிப்பது என்று தகராறு வந்து, கடைசியில் பிளேடால் தையலை அறுத்துப் புத்தகத்தை இரண்டாக்கினேன். முன்பாதி எனக்கு, அதைப் படித்து முடித்திருந்த அவளுக்குப் பின்பாதி. அடுத்து என்ன என்று வாய் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அவளோ என் முகத்தைப் பார்த்தே நான் எந்தப் பக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள். கல்லூரியில் தேவை, அளிப்பு என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே வரதன் மாமனாரிடம் என்ன புளுகப்போகிறானோ என்று மனசு அடித்துக்கொள்ளும். மணி அடித்ததும் சைக்கிளில் பறந்து வருவேன். செல்வி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தொடங்கிவிடுவோம்.

"எம்புட்டுப் பொய் சொல்றான் உன் வரதன்! இவனை நம்பி ஒருத்தி வந்தா பாரு!" என்பேன்.

"பொய் சொல்றான்தான். அவளுக்குக் காய்ச்சல்னதும் வேலையை விட்டுட்டு ஓடி வரலையா? உண்மை பேசுற நீ மதினிக்கு என்னிக்காவது கஞ்சி வச்சுக் குடுத்திருக்கியா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள். "நல்லாக் கேளு செல்வி. இந்த வீட்டுல இனிமே கோமதிக்கும் வரதனுக்கும் சேத்துத்தான் உலை வைக்கணும் போல."

அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களைப் போல நான் எந்தப் பண்டிகையிலும் இருந்ததில்லை.

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்து இருந்தது. செல்வியோடு அதே சேலைக் கடையில் வேலை பார்த்த ஜெகந்நாதனின் அம்மாவுடையது என்று அவளே சொன்னாள். மஹால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் கடைசி மூன்று வாரப் பத்திரிகை வாங்கவில்லையாம். புத்தகம் முடிவில்லாமல், கோமதி பெட்டியோடு வாசலில் நிற்பதோடு நின்றுவிட்டது.

எனக்கு மட்டும் முடிவு தெரியும். வெளிவந்த காலத்தில் அந்த மூன்று அத்தியாயங்களையும் சலூனில் முறைக்குக் காத்திருந்தபோது தலையும் புரியாமல் வாலும் புரியாமல் படித்திருந்தேன். இதைச் செல்வியிடம் பெருமையடித்தும் வைத்திருந்தேன்.

அந்த வாரம் என் மனைவி என்னைத் தனியே அழைத்தாள். "செல்வியும் அந்த ஜெகனும் வர்ற வெள்ளிக்கிழமை திருப்பரங்குன்றம் கோயில்ல தாலி கட்டிக்கப்போறாங்க போல. நம்மகிட்டச் சொல்லத்தான் தயங்குறா. நீங்களா கூப்பிட்டுப் பேசுங்க."

நான் பேசவில்லை. புதன்கிழமை சாயங்காலம் செல்வியே வந்தாள். கையில் பின்பாதிப் புத்தகம். உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, கோமதி விட்டுட்டுப் போனாளா? ரெண்டு பேரும் நல்லா இருந்தாங்களா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்று சொன்னால் அது இன்னொரு பொய். சலூனில் படித்த கடைசிப் பக்கம் கண்முன் நின்றது. தலை நரைத்த கோமதி தட்டை வைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன பொய், சொல்லுங்க" என்கிறாள். வரதன் வாய் நிறையச் சோற்றோடு ஆரம்பிக்கிறான். கதை அங்கே முடிகிறது.

"போயிட்டா. ரெண்டே வருஷம். அவசரத்துல கட்டுனது நிக்குமா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "அப்படியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வகுப்பில் சமத்துவம் பேசியவன் நான். வேறு சாதி, வேறு மொழி, "உன் வீட்டுல இருந்துதானே இது நடந்துச்சு" என்று அப்பா கேட்கப்போகும் கேள்வி, இவைதான் என் பயம். அவளை நேராகத் தடுக்கவும் தைரியமில்லை, கூட நிற்கவும் தைரியமில்லை. கதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவள் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். சில மாதங்களில் அப்பா பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டினாள். ஜெகந்நாதன் அதற்கு முன்பே வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாராம். செல்வியின் கணவர் நல்ல மனிதர், டிராக்டர் வைத்திருக்கிறார், எனக்கு மரியாதை கொடுப்பார். அதனால் என் பொய் நல்லதற்குத்தான் என்று பல வருடம் நம்பினேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"கோமதி போகலைண்ணே."

உரிக்க எடுத்த காயைக் கீழே வைத்தேன்.

"நீ சொன்னதுக்கு மறுநாளே பழைய பேப்பர் கடையில தேடி அந்த மூணு வாரப் புத்தகத்தையும் வாங்கிப் படிச்சுட்டேன்."

"தெரிஞ்சுமா வெள்ளிக்கிழமை போகலை?"

"முடிவு தெரியணும்னா நான் உன்கிட்ட வந்து கேட்டேன்? நீ என்ன சொல்லுவேன்னு பாத்தேன். நீ எங்கூட நிப்பேன்னு இருந்தா, அப்பாவை நான் சமாளிச்சிருப்பேன்." உரித்த மொச்சையை என் பக்கம் தள்ளினாள். "விடு, ஆறிப்போன கதை. சாப்புட்டுட்டுப் போ, பஸ்ஸு நாலு மணிக்குத்தான்."

மன்னித்துவிடு என்று அன்று சொல்லியிருக்கலாம். மொச்சை நன்றாக விளைந்திருக்கிறது என்றேன்.

இப்போது பத்திரிகைத் தொடர்களை யாரும் கிழித்துச் சேர்ப்பதில்லை. தைத்துக் கொடுக்கும் பைண்டரும் எங்கள் பக்கம் இல்லை. அவை போனால் போகட்டும். செல்வி வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். மழை, மாத்திரை, முட்டிவலி என்று பேசுகிறோம். ஒவ்வொரு முறையும் நான் கேட்கிறேன், "இப்ப என்ன படிக்கிற?" என்று.

"எங்கண்ணே, கண்ணு சரியில்ல. படிக்கிறதையே விட்டுட்டேன்" என்கிறாள்.

அவளுடைய மகளிடம் போன மாதம் பேசினேன். அம்மா வாரத்துக்கு ஒரு நாவல் முடிக்கிறாள், வாங்கிக் கொடுத்து மாளவில்லை என்று சிரித்தாள்.